மெழுகும் நெருப்பும் 'கவனயீனம்' என்ற சொல்லும்

கடந்த கோடையில் ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலைப்பொழுதில் குசினிப் பக்கமிருந்து ஒருவித மணம் வந்தது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு எல்லாம் ஓய்வுபெற்றாலும் மூக்கு ஓய்வுபெறுவதில்லை. எழுந்து சென்று பார்த்தேன்.

பேரனுக்குப் பதின்மூன்று வயது. சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். மறுவாரம் அல்கொன்குவின் காட்டுப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கப் போகிறார்கள். ஈரவிறகிலும் தீ மூட்ட உதவுமென்று, மெழுகில் தோய்த்த பஞ்சுத் துண்டுகளைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தான். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் எஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைத் தாச்சியொன்றில் இட்டு, மின்சார அடுப்பின்மேல் நேரே வைத்து, சூட்டை முழு அளவுக்குத் திருகிவிட்டுப் பஞ்சைத் தேடி மேல்மாடிக்குப் போயிருந்தான். தாச்சியிலிருந்து வெண்புகை எழுந்துகொண்டிருந்தது. மகள் பதறியடித்துக்கொண்டு ஒரு கோப்பைத் தண்ணீருடன் அடுப்பை நெருங்கினாள்.

"பிள்ளை, தண்ணியை ஊத்தாதை!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு உரக்க ஒலித்து அவள் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை. அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பை நிறுத்தி, பெரியதொரு மூடியால் தாச்சியை மூடினேன். புகை அடங்கியது. எவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நேர்ந்திருந்தால் அச்செய்தியை நான் எப்படி எழுதியிருப்பேன் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்தது. "சிறுவனின் கவனயீனத்தால் வீட்டில் தீ" என்றுதான் எழுதியிருப்பேன். வேறொரு சொல் எனக்குத் தோன்றியிருக்காது.

எத்தனை முறை இச்சொல்லை எழுதியிருக்கிறேன்! குப்பி விளக்குச் சரிந்து பாயில் உறங்கிய குழந்தை எரிகாயமடைந்தது, அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிய இளம் பெண்ணின் சேலையில் தீப்பற்றியது, காரணம், கவனயீனம். நான்கு வரிச் செய்தியில் அந்த ஒரு சொல் வழக்கை முடித்துவைத்துவிடும். விளக்கு ஏன் அவ்வளவு எளிதாகச் சரிந்தது, அந்தப் பெண் மண்ணெண்ணெயை விட்டு வேறெதைக் கொண்டு ஈரவிறகை மூட்டியிருக்கலாம் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், பேரன் செய்யப் புறப்பட்ட பொருளைப் பற்றி. அதைத் தீமூட்டிக் கட்டி என்று அழைப்போம். எளிதில் எரியும் நாரையும் மெதுவாக எரியும் மெழுகையும் ஒன்றுசேர்த்த சிறு துண்டு அது. நமக்கு இது முற்றிலும் புதியதன்று. காவோலை, பன்னாடை, பொச்சு, தும்பு ஆகியவற்றைக் கொண்டு அடுப்பு மூட்டிய வீடுகளிலேதான் நாம் வளர்ந்தோம். அவை மழையில் நனைந்தால் பயன்படா; மெழுகு தோய்ந்த நாரோ நீரை விலக்கும். அதனாலேயே காட்டுக்குப் போவோரும், புயல், வெள்ள காலத்துக்கென அவசரப் பொதி கட்டி வைப்போரும் இதனை விரும்புகிறார்கள்.

இதன் தத்துவத்தை விளங்கப்படுத்தியவர்களுள் மைக்கல் பரடே முக்கியமானவர். 1860ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் லண்டன் ரோயல் இன்ஸ்டிரியூஷனில் சிறுவர்களுக்கென மெழுகுதிரியை மையமாக வைத்து அவர் தொடர் விரிவுரைகள் ஆற்றினார். எரிவது திரியுமன்று, உருகிய மெழுகுமன்று. திரிவழியே ஏறி ஆவியாகும் மெழுகே எரிகிறது என்பதை அங்கே செய்துகாட்டினார். தீமூட்டிக் கட்டியில் பஞ்சு திரியாகிறது. தனிப் பஞ்சு சில விநாடிகளில் எரிந்து முடியும். மெழுகேறிய பஞ்சு சில நிமிடங்கள் எரியும். ஈரச்சுள்ளி உலர்ந்து பற்றிக்கொள்வதற்கு அந்தச் சில நிமிடங்கள் வேண்டும்.

எரிவது ஆவியே என்ற இந்த உண்மையில்தான் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. சாதாரண மெழுகுதிரியின் பரபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். ஏறத்தாழ 200 பாகையை அண்டியதும், சிலவகை மெழுகில் அதற்கும் முன்னரே, தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்பும். தண்ணீர் கொதிக்கும்போது குமிழியிட்டு நம்மை எச்சரிக்கும். மெழுகு அப்படிச் செய்வதில்லை. தெளிந்த எண்ணெய்போல் அமைதியாகக் கிடந்தபடியே சூடேறும். புகை தெரியும்போது கடைசி எச்சரிக்கை வந்துவிட்டது என்று பொருள்.

தீப்பற்றிய மெழுகில் தண்ணீரை ஊற்றினால் என்ன நிகழும்? தண்ணீர் மெழுகைவிடக் கனமானது, அடியில் இறங்கும். அங்குள்ள சூட்டில் கணப்பொழுதில் நீராவியாகி 1600 மடங்குக்கும் மேலாக விரியும். மேலேயுள்ள எரியும் மெழுகு முழுவதும் துளிகளாகச் சிதறிக் கூரையளவுக்கு எழும் தீப்பிழம்பாகும். என் மகள் கையில் வைத்திருந்த அந்த ஒரு கோப்பைத் தண்ணீர் போதுமானது.

இனி, கேள்வி கேட்ட மனிதரைப் பற்றி. விஜய கொடகும்புர இலங்கையைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர். குப்பி விளக்குகளால் எரிகாயமடைந்து வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்தவர். "கவனமாக இருங்கள்" என்று சொல்வதுடன் அவர் நிற்கவில்லை, விளக்கையே மாற்றினார். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மார்மைற் போத்தலின் வடிவம் அவருக்கு வழிகாட்டியது. குட்டையான, கனமான, எளிதில் சரியாத விளக்கு. சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கங்கள் தட்டையானவை. எண்ணெய் கொட்டாதபடி திருகி மூடும் உலோக மூடி. அவ்வளவுதான். இந்தப் பணிக்காக 1998ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

1990இன் பின் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, அதில் சிறிது மண்ணெண்ணெயை ஊறவிட்டு, திரியேற்றி அதன் ஒளியில் செய்தி எழுதியவன் நான். மண்ணெண்ணெயை மிச்சப்படுத்திய அந்த விளக்கின் கெட்டித்தனத்தைப் பலமுறை புகழ்ந்து எழுதியிருக்கிறேன். அது சரிந்தால் என்னவாகும் என்று ஒரு வரியேனும் எழுதியதில்லை. கொடகும்புர செய்ததை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மனிதர் களைத்திருப்பார், குழந்தை ஓடிவரும், தொலைபேசி அடிக்கும். எவரும் எந்நேரமும் கவனமாக இருக்க முடியாது. ஆகவே பாதுகாப்பைப் பொருளிலும் செய்முறையிலும் வைக்க வேண்டும் என்பதே அவருடைய விளக்கு எனக்குக் கற்பித்த பாடம்.

மெழுகு உருக்குவதிலும் அத்தகைய செய்முறை உண்டு. மிகப் பழையது, செலவற்றது. ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதனுள்ளே ஒரு கம்பி வளையத்தின்மேல் மெழுகுப் பேணியை வைத்து உருக்குவது. தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகுமேயன்றி அதற்குமேல் சூடேறாது. ஆகவே உள்ளேயிருக்கும் மெழுகும் அந்த எல்லையைத் தாண்டாது. தீப்பற்றும் நிலை அதிலிருந்து இன்னும் நூறு பாகை தள்ளியிருக்கிறது. செய்பவர் ஐந்து நிமிடம் கவனம் தவறினாலும் தண்ணீர் காவல் நிற்கும். தண்ணீர் வற்றினால் மட்டும் அந்தக் காவல் போய்விடும்; அதனால் வற்றவிடக் கூடாது, அடுப்பைவிட்டு அகலவும் கூடாது.

மறுநாள் பேரனும் நானும் இவ்விதமே செய்தோம். திறந்த சுவாலை இல்லாத மின்சார அடுப்பு. பேணியில் பாதியளவுக்கு மேல் மெழுகு இல்லை. தண்ணீர் மெழுகுக்குள் தெறிக்காதபடி மெல்லிய கொதி. பக்கத்தில் பாத்திரத்தை மூடக்கூடிய உலோக மூடியும் ஒரு பெட்டி அப்பச்சோடாவும். தீப்பற்றினால் அடுப்பை நிறுத்து, மூடு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதே என்பதை அவன் மூன்றுமுறை சொன்ன பிறகே அடுப்பை மூட்ட அனுமதித்தேன். அவனுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. "விளங்குது, அம்மப்பா" என்று முகத்தைச் சுளித்தான்.

பஞ்சு தூய பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கை இழை உருகி ஒட்டும், கெட்ட புகையை எழுப்பும். வட்டப் பஞ்சுத் தட்டை இடுக்கியால் பிடித்து முக்கால் பங்கு தோய்த்து, கால் பங்கை உலர்வாக விட்டோம். தீக்குச்சி பற்றுவதற்கு அந்த உலர்ந்த ஓரம் வேண்டும். காகிதக்கூழால் செய்த முட்டைப் பெட்டியின் குழிகளில் உலர்ந்த மரத்தூளை நிரப்பி, அது ஒட்டிக்கொள்ளுமளவுக்கு மெழுகை ஊற்றினோம். நுரைப் பிளாஸ்டிக் முட்டைப் பெட்டி இதற்கு உதவாது. மெழுகு கையில் பட்டால் உரிக்க முனையாமல் உடனே ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். எஞ்சிய மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பேணியிலேயே உறையவிட்டு வைத்தோம்.

ஆறிய கட்டிகளை மூடியுள்ள தகரப் பேணியில் இட்டான். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதை விட்டுவைக்கக் கூடாது, உருகிவிடும். விமானப் பயணப் பொதியில் வைப்பதும் தடை. கூடாரத்துக்குள் எரிப்பது எக்காலத்திலும் கூடாது. துணியில் தீப்பற்றுவது ஒருபுறமிருக்க, மூடிய இடத்தில் சேரும் காபன்மொனொட்சைட்டு மணமோ நிறமோ இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, கடையில் வாங்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். கனடாவில் வாங்கலாம். 2022ஆம் ஆண்டின் இலங்கையை எண்ணிப் பாருங்கள். எரிவாயு உருளைக்கு நாட்கணக்கில் வரிசை. பல்லாண்டுகளாக விறகடுப்பைக் காணாத நகரத்து வீடுகள் முற்றத்திலும் மாடிப்படியின் கீழும் மூன்று கற்களை வைத்தன. மழைக்காலத்தில் ஈரவிறகு பற்றவில்லை. பொலித்தீன் பைகளைக் கொளுத்தி அடுப்பு மூட்டியவர்களைக் கண்டேன். அந்த நச்சுப்புகையைச் சுவாசித்தபடியே பிள்ளைகள் பக்கத்தில் நின்றனர். மண்ணெண்ணெய் கிடைத்தவர்கள் அதை அணைந்ததுபோல் தோன்றிய தணலில் ஊற்றினார்கள். தேவாலயத்தில் எஞ்சும் மெழுகுத் துண்டும் தேங்காய்த் தும்பும் கொண்டு செய்த ஒரு கட்டி இருந்திருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிரா. நெருக்கடியின் நடுவே எவரும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. ஓய்வாக இருக்கும் நாளில் கற்றுவைக்க வேண்டிய கைவேலை இது. பாடசாலைகளிலும் சாரணர் படைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். அப்படிச் சொல்லிக்கொடுப்போர் மூடியையும் அப்பச்சோடாவையும் முதலில் மேசைமேல் வைக்கட்டும். மெழுகு பிறகு வரட்டும்.

மூட்டிய தீயை அணைப்பதும் இதே பாடத்தைச் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டு கனடாவின் காடுகள் எரிந்த புகை எல்லை தாண்டி நியூயோர்க் வானத்தையே மஞ்சளாக்கியது. காட்டுத்தீக்குத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டிருந்தால் பேணியைத் திறக்கவே கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் முகாம் தீ அரை மீற்றர் அகலத்தையும் உயரத்தையும் தாண்டக் கூடாது. குறைந்தது 8 லீற்றர் தண்ணீராவது அருகில் இருக்க வேண்டும். தண்ணீரூற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றி, தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை அவ்விடத்தைவிட்டு அகலக் கூடாது. இங்கே தண்ணீர் நண்பன். குசினியில் எரியும் மெழுகுக்கு அதுவே பகைவன். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொன்னால் மறக்கமாட்டார்கள்.

பேரன் முகாமிலிருந்து திரும்பிவந்ததும் பேணியைக் காட்டினான். இரண்டு கட்டிகளே செலவாகியிருந்தன. இரண்டாம் நாள் மழை பெய்ததாம், மற்றப் பிள்ளைகளின் தீ பற்றவில்லையாம், இவனுடையது பற்றியதாம். "எப்படி உருக்கினாய் என்று கேட்டார்களா?" என்றேன். கேட்டார்களாம். தண்ணீர்ப் பாத்திரத்தைப் பற்றியும் மூடியைப் பற்றியும் சொன்னானாம். ஒரு கோப்பைத் தண்ணீரோடு நின்ற அம்மாவைப் பற்றியும் சொல்லிச் சிரித்திருக்கிறான். மகளுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

எனக்குப் பின் இத்தொழிலுக்கு வந்திருக்கும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தீ விபத்துச் செய்தியில் 'கவனயீனம்' என்று எழுதுமுன் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுங்கள். எந்தப் பாத்திரம், எந்த அடுப்பு, எதை ஊற்றினார்கள் என்று கேளுங்கள். கிடைக்கும் விடையை இரண்டு வரியில் சேர்த்து எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட வரிகள் அவை.