நாட்டுக்கோழி மருந்தில்லைங்க

“பிராய்லர்தான் கெடுதல், நாட்டுக்கோழின்னா எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்.” டவுன்ல இருந்து கோழி வாங்க வர்றவங்க பலரும் சொல்றது இது. நானும் அப்படித்தான் நம்பினேன். மாரியம்மன் நோம்பிக்கு ஈரல் வறுவல் தின்னு, ரெண்டு டம்ளர் சூப்பும் குடிச்சேன். நடுராத்திரி கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போச்சு. யூரிக் அமிலம் ஏறி வர்ற கவுட்டுன்னாரு டாக்டர்.

பியூரினுக்கு நாட்டுக்கோழி, பிராய்லர்னு பேதம் கிடையாதுங்க. ஈரல்ல அதிகம். கறி வேகும்போது தண்ணியிலயும் இறங்கிடும். சத்துன்னு நாம உறிஞ்சுற சூப்புல அதுவும் சேர்ந்துதான் வருது.

இப்போ வாரம் ஒருநாள் நாலு துண்டு, அதுவும் வேகவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு. வலி வந்தா கறியே இல்லை. முட்டைக்குத் தடையில்லை. மாத்திரையை நிறுத்துறதும் இல்லை.

கோழி வித்துப் பிழைக்கிறவன்தான் நான். ஆனாலும் கவுட்டுக்காரங்க வந்தா, “ஈரலும் சூப்பும் வேண்டாம்”னு சொல்லித்தான் கொடுக்கிறேன்.