டோக்கனைத் தொலைத்தவர் ஒருவர், தண்டம் கட்டுவது இன்னொருவரா?

ராத்திரி பத்தேகால் மணி. கும்மிடிப்பூண்டி யூனிட் வண்டியில் சென்ட்ரலில் இருந்து நின்றுகொண்டே வந்து இறங்கினார் நண்பர். மீஞ்சூர் பக்கத்துக் கிராமம். பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். சட்டைப் பையைத் தடவுகிறார், ஸ்டாண்ட் டோக்கனைக் காணோம். பேண்ட் பையில் இல்லை. சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து உதறியாச்சு. இல்லவே இல்லை!

இந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம். எதிரே கொட்டகை போட்டு நடத்தும் தனியார் ஸ்டாண்ட். காலையில் வண்டியை வாங்கி வைத்தவரே ராத்திரியும் உட்கார்ந்திருக்கிறார். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் சொன்னார்:

"டோக்கன் இல்லேன்னா ஐந்நூறு ரூபா சார். அதுவும் ஆர்.சி. புக்கில பேர் இருக்கிறவர் நேர்ல வந்து கட்டினாத்தான் வண்டிய விடுவேன்."

இங்கேதான் சிக்கல். வண்டி பழைய வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழவேற்காட்டு மீனவர் ஒருவரிடம் வாங்கியது. பெயரை மாற்றவில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டது அப்படியே கிடக்கிறது. அந்த மீனவருக்கோ அன்றைக்கு ஏரியில் பாட்டு முறை. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வலையைப் போட்டுவிட்டு ஐந்நூறு ரூபாய் தண்டம் கட்ட ஓடி வருவாரா மனுஷன்?

நண்பர் அன்று நடந்தே வீடு போனார்.

பெயர் எதற்கு?

ஸ்டாண்ட்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. டோக்கன் இல்லாமல் கேட்டவருக்கெல்லாம் வண்டியைத் தூக்கிக் கொடுத்தால் முதலில் வந்து நிற்பவன் திருடன்தான். ஆர்.சி.யைக் காட்டு, ஆதார் அட்டையைக் காட்டு, கையெழுத்துப் போடு என்று கேட்கட்டும். தப்பே இல்லை.

ஆனால் வண்டி யாருடையது என்று தெரிந்துகொள்வது வேறு, ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் தலையில் கடனை ஏற்றுவது வேறு. வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் யார்? டோக்கன் வாங்கியவர் யார்? அவருக்கும் ஸ்டாண்டுக்கும்தான் பேச்சு. ஏரியில் வலை போட்டுக்கொண்டிருப்பவருக்கும் இந்தக் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம்?

மோட்டார் வாகனச் சட்டம் (1988) பதிவில் பெயர் உள்ளவரையே உரிமையாளர் என்கிறது. ஓட்டியவர் குற்றம் செய்தார் என்று போலீஸ் விசாரிக்க வந்தால், ஓட்டியது யார் என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும். அது 133-வது பிரிவு. ஸ்டாண்ட்காரர் போலீஸ் இல்லையே! தண்டம் போடும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது?

"போர்டுல எழுதியிருக்கு சார்" என்பார்கள். எழுதட்டும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 74-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான ஈடு எதுவோ அதுதான் கிடைக்கும். ஒரு தகர டோக்கன் போனால் நஷ்டம் ஐந்நூறு ரூபாயா? சொல்லுங்கள்!

அதே சட்டத்தின் 170-வது பிரிவையும் பாருங்கள். கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை, அந்தப் பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவருக்கு. கோட்டுத் தைத்த தையல்காரரைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. வண்டியை ரிப்பேர் செய்த மெக்கானிக்கும் கேட்கலாம். நிழலில் நிறுத்தி வைத்ததற்கு அந்தப் பிரிவில் இடம் எங்கே? நிறுத்திய கட்டணத்தைக் கேளுங்கள், கொடுக்கிறோம். தண்டத்துக்காக வண்டியைச் சிறை வைப்பது என்ன நியாயம்?

லண்டன் சங்கதி

இங்கிலாந்தில் இதே சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. அங்கே தனியார் பார்க்கிங் கம்பெனிகள் கேமராவில் நம்பரைப் பிடித்து, பதிவில் பெயர் உள்ளவர் வீட்டுக்குக் கடிதம் போடுவார்கள். 'நான் ஓட்டவில்லை, ஓட்டியவரைக் கேள்' என்று ஜனங்கள் மறுத்தார்கள். கடைசியில் 2012-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. ஓட்டியவர் யார் என்று சொல்லாவிட்டால் பதிவில் உள்ளவரிடம் கேட்கலாம். ஆனால் கம்பெனிக்கும் கடிவாளம் போட்டார்கள். வண்டியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை நம்பிப் பிடித்தால், 14 நாளுக்குள் கடிதம் வந்து சேர வேண்டும். தனியார் இடத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதையும் அதே சட்டம் இங்கிலாந்தில் தடை செய்தது.

2015-ல் ஒரு வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு மணி நேரம் இலவசம் என்ற இடத்தில் 56 நிமிஷம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுன் கேட்டார்கள். கார்க்காரர் தோற்றார். காரணங்களில் ஒன்று, விதியைப் பெரிய எழுத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்திருந்தார்கள். நம் ஊர் ஸ்டாண்டில் போர்டு எங்கே இருக்கிறது? சைக்கிள் வரிசைக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில்!

பதிவில் உள்ளவரைப் பிடிக்க அங்கே சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே அப்படிச் சட்டமே இல்லை. அப்புறம் எந்த உரிமையில் கேட்கிறார்கள்?

துண்டுச் சீட்டு வேதவாக்கா?

டோக்கனின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். 'வண்டி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.' காசு மட்டும் வேண்டும், பொறுப்பு வேண்டாம்! டெல்லியில் 1998-ல் ஒரு பெரிய ஓட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் களவு போனது. சீட்டில் எழுதியிருக்கிறது என்று ஓட்டல் வாதாடியது. தன் அலட்சியத்துக்கு அந்தச் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சாவி கொடுத்த வழக்கு அது. சைக்கிள் ஸ்டாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அச்சடித்துவிட்டால் ஆச்சு என்ற நினைப்புக்கு அது சரியான சூடு.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். சென்னையில் ஒரு மால் வண்டி நிறுத்தக் காசு வாங்கியது நியாயமற்ற வணிக நடைமுறை என்று, நம் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே 2025-ல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கட்டிய காசு நூறு ரூபாய்கூட இல்லை. 'இதுக்குப் போய் கேஸா' என்று அந்த வாடிக்கையாளர் சும்மா இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா?

மீஞ்சூர், பொன்னேரி ஆட்களும் அங்கே போகலாம். 2019-ம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915-க்குப் போன் போட்டும் பார்க்கலாம். ரயில்வே இடத்தில் டெண்டர் எடுத்து நடத்தும் ஸ்டாண்ட் என்றால் 139. ஆனால் எல்லாவற்றுக்கும் கையில் ரசீது வேண்டும். ரசீது கேட்டால்தான் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நம்ம பக்கம் உள்ள தப்பையும் மறைக்கக் கூடாது. வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்? ஸ்டாண்ட் தண்டம் சில்லறைச் சமாசாரம். விபத்து நடந்தால்? பல கை மாறிய கார் ஒன்றின் வழக்கில், பதிவில் பெயர் இருப்பவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றுக் காசு வாங்கி, அதுவும் செலவாகி, வலைக்கு நூல் வாங்கியாச்சு. அதற்கப்புறம் வாசலில் கோர்ட்டு நோட்டீஸ் வந்து நின்றால் அந்த மீனவர் எங்கே போவார்?

நண்பர் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மீனவர் பஸ் பிடித்து வந்தார். கால் சட்டையில் ஏரிச் சேறுகூடக் காயவில்லை. ஸ்டாண்ட்காரர் ஐந்நூறு என்று கையை நீட்டினார்.

"ஏம்பா, வண்டிய நான் விடல. டோக்கன நான் தொலைக்கல. என் பேரு அதுல இருக்கு, அவ்வளவுதான். இது இவரு வண்டி, குடுத்துடுன்னு சொல்லத்தான் வந்தேன். எனக்கு எதுக்குத் தண்டம்?"

பதில் இல்லை. கூட்டம் கூடியது. ஐந்நூறு முந்நூறாகி, முந்நூறு நூறானது. நண்பரே கொடுத்தார். மனுஷன் அன்றைக்கு வேலைக்கு லீவு. பழவேற்காட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பெயர் மாற்றும் படிவத்தில் அங்கேயே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அந்த நூறு ரூபாய்க்கு ரசீது கேட்டிருக்கிறார். "புக்கு தீந்து போச்சு சார், நாளைக்கு வாங்க" என்றாராம். போய் மூன்று மாசம் ஆகிறது.