ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க டாக்டர்

பரீட்சை நெருங்கிட்டா எங்க ஓபி-க்கு இந்தக் கோரிக்கை தவறாம வந்துடும். "நல்லாத்தான் படிக்கிறா டாக்டர், பரீட்சை ஹால்ல மறந்துடுது. ஒரு டானிக் எழுதிக் குடுங்க."

போன வாரமும் ஒரு அம்மா வந்தாங்க. மகள் பத்தாம் வகுப்பு. ராத்திரி பன்னெண்டரை வரைக்கும் படிப்பு, காலைல நாலு மணிக்கு எழுப்பி விட்டுடுறாங்க. சாப்பிடாமலே பள்ளிக்கூடம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 9.2.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். ஆரோக்கியமா இருக்கிற பிள்ளைக்கு ஞாபகத்தைக் கூட்டும்னு நிரூபணமான டானிக் எதுவும் கிடையாது. விளம்பரத்துல வர்ற டாக்டர் கோட்டு போட்ட நடிகர் சொன்னாலும் கிடையாது.

ரத்தசோகை இருந்தா சோர்வு வரும், கவனம் நிக்காது. பள்ளியில வாரம் ஒரு தடவை தர்ற நீல மாத்திரை அது வராம தடுக்கிறதுக்கு. (அதை வாங்கி பைக்குள்ள போட்டு வைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும்.) இந்தப் பொண்ணுக்கு தினமும் இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதேன்னும் சொன்னேன்.

தூக்கமும் அப்படித்தான். பகல்ல படிச்சதை மூளை உறுதியாக்கிக்கிறதுல தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வயசுக்கு எட்டு மணி நேரமாவது வேணும். மூணரை மணி நேரம் தூங்க விட்டா, படிச்சதுல பாதியை நாமளே அழிச்ச மாதிரி.

சரி, இதெல்லாம் உடம்பு. அவ எப்படிப் படிக்கிறான்னு கேட்டேன். "திரும்பத் திரும்ப வாசிப்பேன் டாக்டர்."

"நேத்து என்ன படிச்சே?" "இதயம்."

கூட்டம் கொஞ்சம் குறைஞ்சிருந்தது. ஒரு தாளைக் கொடுத்து, ரத்தம் எந்த வழியா உள்ளே வந்து எந்த வழியா வெளியே போகுதுன்னு வரையச் சொன்னேன். நாலு அறை போட்டா. அதுக்கப்புறம் பேனா நின்னுடுச்சு. அஞ்சு தடவை வாசிச்ச பாடம்.

எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா நானும் அங்கதான் நின்னேன். தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. எம்பிபிஎஸ் முதல் வருஷம் அனாட்டமி புத்தகத்தை நாலு தடவை வாசிச்சு, பச்சை மஞ்சள்னு கோடு போட்டு வச்சிருந்தேன். வைவால கைல ஒரு எலும்பைக் குடுத்து, வலது பக்கமா இடது பக்கமான்னு கேட்டாங்க. அது எந்தப் பக்கத்துல இருக்கு, என்ன கலர்ல கோடு போட்டேன்னு எல்லாம் ஞாபகம் இருக்கு. பதில் மட்டும் இல்லை. அந்த இன்டர்னல்ல ஃபெயில்.

காப்பாத்தினது ஒரு சீனியர் அண்ணன். "புத்தகத்தை மூடுடா. முதல்ல தமிழ்ல சொல்லு, புரிஞ்சிருந்தா இங்கிலீஷ் பின்னாடியே வரும்"னாரு. அதுக்கப்புறம் ஹாஸ்டல் வராண்டால நானும் ரூம்மேட்டும் எலும்புப் பெட்டியை நடுவுல வச்சு மாத்தி மாத்திக் கேள்வி கேட்டுக்குவோம். தெரியாம முழிச்சது எதுவோ, அதுதான் இன்னைக்கு வரைக்கும் மறக்கலை.

இதை ஆய்வாவே பண்ணியிருக்காங்க. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள், கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் குடுத்தாங்க. ஒரு குழு அதையே மறுபடி வாசிச்சது. இன்னொரு குழு பார்க்காம, ஞாபகத்துல இருந்ததை எழுதிச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு சோதிச்சா, வாசிச்சவங்கதான் முன்னால: 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ். வாசிச்சவங்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவங்களுக்கு 56.

அந்த அஞ்சு நிமிஷத்துலதான் எல்லாரும் ஏமாறுறோம். வாசிச்ச உடனே எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். பரீட்சை அஞ்சு நிமிஷத்துலயா வருது?

இதைச் சொன்னதும் அந்த அம்மா ஒண்ணு சொன்னாங்க. "புத்தகத்தை மூடி வச்சுட்டு மோட்டுவளையைப் பார்த்துட்டு உக்காந்திருப்பா டாக்டர். அப்பதான் நான் திட்டுவேன்."

என் கோபமே இங்கதான். புத்தகம் திறந்திருந்தா படிக்கிறா, மூடியிருந்தா ஏமாத்துறான்னு நாம முடிவு பண்ணி வச்சிருக்கோம். உதடு அசையணும், சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்கணும். அவ உண்மையிலேயே யோசிச்சு எடுக்க முயற்சி பண்ற நேரத்துல போய் "என்ன வேடிக்கை?"ன்னு கேட்டா, அவ மறுபடி புத்தகத்தைத் திறந்து வச்சு வாசிக்கத்தான் செய்வா. பெத்தவங்க மட்டும் இல்லை, பல ஸ்டடி ஹால்லயும் இதே கதைதான்.

மனப்பாடமே கூடாதுன்னு சொல்ல வரலை. குறளும் சூத்திரமும் மனசுல இருக்கத்தான் வேணும். அதையும் மூடி வச்சு எழுதிப் பாருங்க, தப்பைத் திருத்துங்க, ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. வீட்டுல படிக்காத அம்மாவா இருந்தாலும் "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு"ன்னு கேக்கலாம். டியூஷன் ஃபீஸ் மிச்சம்.

அந்த அம்மா கிளம்பும்போது, "அப்ப டானிக் வேணவே வேணாமா டாக்டர்?"னு வாசல்ல நின்னு இன்னொரு தடவை கேட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கேன். பாப்பா வரும்போது அந்த இதயத்தை மறுபடி வரைஞ்சு காட்டணும், புத்தகம் கொண்டு வராம.