பாராடாங் பள்ளியின் சாதனையை எந்தக் கோலால் அளப்பது?

சிற்றூர் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றைப் பாராட்ட முனைவோர் இரண்டையே தேடுகின்றனர்: தேர்ச்சி விழுக்காடு, பிற்காலத்தில் புகழ்பெற்ற முன்னாள் மாணவர். இவை பள்ளியின் தரத்தைக் காட்டுவதாகக் கல்விப்புலத்தினரும் நம்புகின்றனர். பெரும்பாலும் அவை காட்டுவது, பள்ளிக்கு அப்பால் உள்ள வாயில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான்.

தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நீட் தேர்வு வந்தபின், அரசுப் பள்ளியில் பயின்று அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தோர் தொகை ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020 அக்டோபரில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டுச் சேர்க்கையிலேயே அத்தொகை பன்மடங்கு உயர்ந்தது. அதே வகுப்பறை, அதே ஆசிரியர். பள்ளிகள் ஓராண்டில் பன்மடங்கு திறன் பெற்றுவிட்டன என்று எவரேனும் சொல்வரா?

இக்கேள்வியோடு அந்தமானின் பாராடாங் தீவை நோக்க வேண்டும். சுற்றுலாப் பயணியர்க்கு அது சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் மட்டுமே. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, ஜாரவா காப்பகத்தினூடே வாகன அணியாகச் சென்று, நீரிணையைக் கடந்து பார்த்துவிட்டு அன்றே திரும்புகின்றனர். தீவில் வாழ்வோரில் 'ராஞ்சிக்காரர்' எனப்படுவோர் முதன்மையானவர்கள். 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா தொழிலாளரின் வழிவந்தோர் அவர்கள். வீட்டில் சாத்ரி பேசும் அவர்தம் பிள்ளைக்குப் பள்ளியின் மொழி வேறு. பாடத்துக்கு முன் மொழியையே கற்றாக வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பை முடிப்பது எந்த மாநகரப் பள்ளியின் முதல் மதிப்பெண்ணுக்கும் குறைந்த சாதனையன்று.

ஆனால் அதற்குப் பின் என்ன? ஜார்க்கண்டில் உள்ள ஒராவோன் மாணவர் பட்டியல் பழங்குடியினர். பாராடாங்கில் உள்ள அவருடைய உறவினர் அப்படியல்லர். அந்தமான் நிக்கோபார் பட்டியலில் உள்ளவை ஆறு குழுக்களே. பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனி என்பதையும், குடிபெயர்ந்தவர் அதைத் தம்முடன் எடுத்துச்செல்ல இயலாது என்பதையும் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. விருப்பப்படி ஊர் மாறியவர்க்கு அத்தீர்ப்பு ஓரளவு பொருந்தலாம். அரசே தன் தேவைக்காகக் கப்பலேற்றியவரின் கொள்ளுப்பேரர்க்கும் அதையே பொருத்துவது என்ன நியாயம்?

தீவின் தொல்குடிகளைக் காக்கவே பட்டியல் குறுகியிருக்கிறது என்பர் சிலர். எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று அது. ஜாரவாக்களின் நிலத்தில் எவர்க்கும் உரிமை கோர இடமில்லை. காடு வெட்டுதலால் இழப்புற்றோரும் அவர்களே. ஆயினும் நில உரிமை வேறு, கல்லூரி இடம் வேறு. நிக்கோபாரியர்க்குரிய பங்கில் கைவைக்காமல் தனிப் பிரிவு வகுக்க இயலும். உள்ஒதுக்கீடு என்னும் வழி தமிழ்நாட்டில் நடைமுறையிலேயே உள்ளது. அச்சட்டத்தைச் சமூகநீதியின் வெற்றியாகக் கொண்டாடிய தமிழ் ஆய்வாளர்கள், வங்கக் கடலின் அக்கரைக்கு அதே தர்க்கத்தை நீட்டத் தயங்குவது வியப்பளிக்கிறது.

வெட்டப்பட்ட மரத்துக்கு வனத்துறையிடம் கணக்கு இருக்கிறது. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் கல்லூரி வரை சென்றனர் என்று தீவின் பழங்குடி மாணவர் புள்ளிவிவரத்தில் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். அப்புள்ளிவிவரத்தின்படி அவர்கள் பழங்குடியினரே அல்லர்.