எதிரியும் ஓர் ஆசானே

விழாக்காலம் மகிழ்தற்குரிய காலம். திரும்பி நோக்குதற்குரிய காலமுமாம். இம்மலருக்குக் கட்டுரையொன்று எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின், என்னை எழுதத் தூண்டியது இடைவேளையொன்றில் என் வகுப்பறையில் எழுந்த ஒரு சிறு பூசலே.

மாணவர் இருவர் வாய்ப்போர் புரிந்துகொண்டிருந்தனர். ஒருவன் சொனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கட்சி. மற்றையவன் நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கட்சி. இருவரும் என்னை நடுவராக்கி, "சேர், இரண்டில் எது சிறந்தது? நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்" என்றனர். யானோ மண்ணெண்ணெய் விளக்கொளியிற் பாடம் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன். இத்தகைய வீடியோ விளையாட்டுப் பொறியொன்றை இளமையிற் கண்ணாற் கண்டதுமில்லை. "நாளை சொல்கின்றேன்" எனக் கூறித் தப்பினேன். அன்றிரவு வாசிக்கத் தொடங்கியவன் பல இரவுகள் வாசித்தேன். முடிவிற் கிடைத்த விடை அவ்விருவரும் எதிர்பார்த்த விடையாக இருக்கவில்லை. எதிரிக்கு அஞ்சாத நாளில் வென்றவன் தளர்ந்தான். தக்க எதிரி வந்த நாளில் இருவரும் உயர்ந்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால வரலாறு உரைக்கும் உண்மை இதுவென்பதே என் துணிபு.

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்திருப்பதோடு அமையாது, அதனோடு விளையாடவுங்கூடும் எனக் கண்டவர் ரால்ப் பேயர் என்னும் பொறியியலாளர். ஜேர்மனியிற் பிறந்து, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்கா சேர்ந்தவர் அவர். அவருடைய உழைப்பின் பயனாக 1972 ஆம் ஆண்டில் மக்னவொக்ஸ் ஒடிசி என்னும் முதற்பொறி விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த மேசைப்பந்தாட்டத்தைக் கண்டவர் நோலன் புஷ்னெல். அவர் கூட்டாளி ஒருவருடன் அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார். பொங் என்னும் ஆட்டமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. இத்தொழிலும் போட்டியும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன எனலாம்.

1977 ஆம் ஆண்டில் அட்டாரி வெளியிட்ட பொறி அமெரிக்க வீடுகளை வென்றது. ஆட்டங்கள் அடங்கிய சிறு பேழைகளை மாற்றி மாற்றிச் செருகி விளையாடும் வசதி அதில் இருந்தது. போட்டியாளர் சிலர் இருந்தனரெனினும், அவரை அட்டாரி பொருட்படுத்தவில்லை. ஆட்டங்களை ஆக்கிய நிரலாளரின் பெயர்களைப் பேழைகளில் இடவும் அது மறுத்தது. மனம் நொந்த நால்வர் 1979 ஆம் ஆண்டில் வெளியேறி அக்டிவிஷன் என்னும் நிறுவனத்தை நிறுவினர். பின்னர் யார் வேண்டுமாயினும் எத்தகைய ஆட்டத்தையும் விற்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. 1982 ஆம் ஆண்டில், புகழ்பெற்ற 'ஈ.ரி.' திரைப்படத்தை ஆட்டமாக்கும் பணியை அட்டாரி ஒரே நிரலாளரிடம் ஒப்படைத்து, ஏறத்தாழ ஐந்து கிழமையில் முடிப்பித்தது. பெயரைக் கண்டால் மக்கள் வாங்குவர் என்னும் செருக்கன்றோ அது? மக்கள் ஒருமுறை ஏமாந்தனர். மறுமுறை கடைக்கு வரவில்லை. 1983 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 320 கோடி டொலராக இருந்த அமெரிக்கச் சந்தை, 1985 ஆம் ஆண்டளவில் 10 கோடி டொலராகச் சுருங்கியது. விற்காத பேழைகள் நியூ மெக்சிக்கோ மாநிலத்துக் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. 2014 ஆம் ஆண்டில் அவ்விடத்தை அகழ்ந்தபோது அவை வெளிப்பட்டன. செருக்கிற்கு அகழ்வாராய்ச்சிச் சான்று கிடைத்தது இங்கேதான் போலும்!

வீழ்ந்தவனின் பிழையைப் பாடமாகக் கற்றது யப்பானின் நின்டெண்டோ. கியோத்தோ நகரில் 1889 ஆம் ஆண்டில் விளையாட்டுச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 1983 ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்த அதன் பொறி 1985 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றது. தரமற்ற ஆட்டங்கள் புகாதவாறு பொறியினுள்ளே பூட்டுச்சில்லு ஒன்றை அமைத்தது. ஆண்டொன்றுக்கு ஐந்து ஆட்டங்களே வெளியிடலாம் எனப் பிற நிறுவனங்களுக்கு வரம்பிட்டது. வாங்குவோர் நம்பிக்கை மீண்டது. 6 கோடி 19 இலட்சம் பொறிகள் உலகெங்கும் விற்றன. ஆயினும், காவலன் விரைவிற் கொடுங்கோலனானான். தனக்கு எழுதும் ஆட்டத்தை இரண்டாண்டுகள் பிறருக்கு எழுதலாகாது என்றும் அது கட்டளையிட்டது. எதிர்த்துக் கேட்பார் அப்போது எவருமிலர்.

கேட்க வந்தது சேகா. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையில் தன் புதிய பொறியை இறக்கியது. 1991 ஆம் ஆண்டில் சோனிக் என்னும் நீலநிற முள்ளெலியைக் களத்தில் விட்டது. விலையைக் குறைத்து, அவ்வாட்டத்தைப் பொறியோடு சேர்த்தே கொடுத்தது. நின்டெண்டோவின் மாரியோவுக்கு முதன்முறையாக நேர்நிற்கும் எதிரி தோன்றினான். ஆட்டம் எழுதுவோரைப் பிணித்த கட்டும் தளர்ந்தது. அக்காலத்தில் இரு பொறிகளுக்கும் எழுதப்பட்ட ஆட்டங்களை இன்றும் மக்கள் விரும்பி விளையாடுகின்றனர். ஒருவன் இன்றேல் மற்றவன் இத்துணை முயன்றிருப்பானோ என எண்ணிப் பார்த்தல் தகும்.

அடுத்து நிகழ்ந்தது ஒரு நாடகமே. நின்டெண்டோவும் சொனியும் கூடி, இறுவட்டில் இயங்கும் பொறியொன்றைச் செய்ய உடன்பட்டிருந்தன. 1991 ஆம் ஆண்டு சிக்காகோக் கண்காட்சியிற் சொனி அதனை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, பிலிப்ஸ் நிறுவனத்தோடு கைகோத்திருப்பதாக அறிவித்துச் சொனியைத் தலைகுனிய வைத்தது. அவமதிக்கப்பட்ட சொனி, கென் குட்டராகி என்னும் பொறியியலாளரின் முயற்சியால் தன் பொறியைத் தானே ஆக்கி, 1994 ஆம் ஆண்டு டிசம்பரிற் பிளேஸ்டேஷன் என்னும் பெயரில் வெளியிட்டது. 1995 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்காட்சியிற் சேகா தன் சற்றேர்ன் பொறியின் விலை 399 டொலர் என்றது. பின்னர் மேடையேறிய சொனியின் பேச்சாளர் 299 என்னும் எண்ணை மட்டும் கூறி இறங்கினார். அவ்வெண்ணே அன்றைய சிறந்த சொற்பொழிவாயிற்று. நின்டெண்டோ பழைய பேழையை விடாது பற்றி நின்றமையால், இறுவட்டின் இடவசதியை விரும்பிய ஸ்குவெயர் நிறுவனம் தன் 'பைனல் பாண்டசி' வரிசையின் ஏழாம் ஆட்டத்தை 1997 ஆம் ஆண்டிற் சொனிக்கே அளித்தது. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்றது. 2001 ஆம் ஆண்டிற் சேகா பொறி செய்யும் தொழிலையே கைவிட்டது.

சொனியின் இரண்டாம் பொறி 2000 ஆம் ஆண்டில் வந்தது. 15 கோடி 50 இலட்சத்துக்கும் மேல் விற்று, உலகில் மிக அதிகம் விற்ற வீட்டுப்பொறி என்னும் புகழைப் பெற்றது. இனி அட்டாரியின் கதை மீண்டும் நிகழ்தல் காண்க. 2006 ஆம் ஆண்டில் மூன்றாம் பொறிக்கு அமெரிக்காவில் 499 டொலரும் 599 டொலரும் விலையிட்டது சொனி. அதே ஆண்டில் நின்டெண்டோ, ஆற்றல் குறைந்த, ஆயின் கையை அசைத்தே ஆடத்தக்க 'வீ' பொறியை 250 டொலருக்குக் கொடுத்தது. முதியோரும் சிறாரும் ஒருங்கே ஆடினர். 10 கோடிக்கு மேல் விற்றது. 2001 ஆம் ஆண்டிற் களம் புகுந்திருந்த மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் மறுபுறம் நெருக்கியது. சொனி 2009 ஆம் ஆண்டில் 299 டொலருக்கு இறங்கியது. நின்டெண்டோவும் செருக்கினின்று தப்பவில்லை. வீயின் வெற்றியை நம்பி 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட அடுத்த பொறி 1 கோடி 36 இலட்சம் அளவிலேயே நின்றது. அதன் தலைவர் சட்டோரு இவாட்டா 2014 ஆம் ஆண்டிற் சில மாதங்களுக்குத் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். தோல்வியைத் தம் தோளிற் சுமக்கும் தலைவர் இருந்தமையாலன்றோ, 2017 ஆம் ஆண்டில் வந்த ஸ்விட்ச் 15 கோடியைக் கடந்தது!

இவையெல்லாம் வணிகர் கதை. நமக்கென்ன என்று வினவுவார் உளர். அவர் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுகின்றேன். 2013 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் தன் புதிய பொறி நாளுக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்றும், வாங்கிய ஆட்டத்தைப் பிறருக்கு இரவல் கொடுத்தலும் பழையதாக விற்றலும் வரம்புக்குட்பட்டவை என்றும் அறிவித்தது. அடுத்துச் சொனி, தன் பொறியில் அத்தடைகள் இல்லை என மேடையில் அறிவித்தது. இரவல் கொடுக்கும் முறையை விளக்குவதாக ஒரு சிறு படத்தையும் வெளியிட்டது. ஒருவர் இறுவட்டை நீட்ட மற்றவர் வாங்குகிறார், அவ்வளவே படம். சில நாள்களில் மைக்ரோசொப்ட் தன் கட்டளையை மீட்டுக்கொண்டது. நூலகத்திலும் நண்பரிடத்தும் நூல் இரவல் வாங்கிப் படித்தே ஆளானவர் நாம். இரவல் கொடுக்கும் உரிமை எத்துணைப் பெரிதென நமக்குத் தெரியும். அவ்வுரிமையை அன்று காத்தது சட்டமன்று, போட்டியே.

இன்றோ அவ்வுரிமை மெல்ல மெல்லத் தேய்கின்றது. 2024 ஆம் ஆண்டிற் சொனி வெளியிட்ட விலையுயர்ந்த பொறியில் இறுவட்டுக்கு இடமேயில்லை. அதனைத் தனியே வாங்கிப் பொருத்தல் வேண்டும். நின்டெண்டோ தன் பழைய பொறிகள் இரண்டுக்கான இணையக் கடையை 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் மூடியது. அங்கன்றி வேறெங்கும் விற்கப்படாத ஆட்டங்களை இனி வாங்க இயலாது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசொப்ட் ஏறத்தாழ 6,900 கோடி டொலர் கொடுத்து அக்டிவிஷன் நிறுவனத்தைத் தன்வசமாக்கியது. பெயரிடப்படாமையால் மனம் நொந்து பிரிந்த நால்வரின் நிறுவனமே அது என்பதை நினைவுகொள்க. நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்க விழுங்க, மறுத்துப் பேசும் குரல்கள் குறைகின்றன. நாளை இரவல் மீண்டும் தடுக்கப்படின், மேடையேறி மறுக்கவல்லவர் யார்?

போட்டியாற் கேடுமுண்டு என்பதை மறைத்தல் முறையன்று. ஒரு பொறிக்கென எழுதிய ஆட்டம் மற்றையதில் இயங்காமையால், பொருள் குறைந்த வீட்டுப் பிள்ளை ஏங்கி நிற்கின்றான். ஒரே பொறி இருப்பின் அவ்வேக்கம் தீருமே என்பர் சிலர். ஏக்கம் தீரலாம், ஆயின் அவ்வொரே பொறிக்கு விலையிடுவோன் யாருக்கு அஞ்சுவான்? கடிந்துரைக்கத் துணைவர் இல்லாத அரசன், பகைவர் எவருமின்றியே அழிவான் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வணிகத்திற் கடிந்துரைக்கும் அத்துணைவன் எதிரியே. அவனுக்கும் நமக்குமிடையே பகைமை வேண்டுவதில்லை. எதிரெதிர் நின்ற மாரியோவும் சோனிக்கும் 2007 ஆம் ஆண்டில் ஒரே ஆட்டத்தில் ஒருங்கே ஓடினர். அக்காட்சி அன்று மூண்டிருந்த போரைக் கண்டோர்க்கு வியப்பாகவே இருந்திருக்கும்.

என் மாணவர் இருவருக்கும் மறுநாள் யான் கூறிய தீர்ப்பு இதுவே: "நீ விரும்பும் பொறி நன்றாக இருக்கவேண்டுமாயின், உன் நண்பனின் பொறி நீடு வாழ வேண்டுமென வாழ்த்து." இருவரும் சிரித்தனர், இருவரும் முழுதாக உடன்பட்டனர் எனச் சொல்லமாட்டேன்.

விழாக்காணும் இந்நாளில் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். எம் கல்லூரியின் துடுப்பாட்ட அணி வென்ற ஆண்டுகளை நாம் பெருமையோடு எண்ணுகின்றோம். அவ்வாண்டுகளில் எம்மை விடியற்காலையில் எழுப்பிப் பயிற்சிக்கு ஓட்டியவர் யார்? எம்மைத் தோற்கடித்த அயற்கல்லூரிப் பிள்ளைகளே. அவர்களுக்கும் இவ்விழாவில் ஓர் இருக்கை இடுவோமாக. கல்லூரி வாழ்க; அதனோடு ஒத்து நின்று போட்டியிடும் கல்லூரிகளும் வாழ்க.