ஒலிப்பை விற்காத இரட்டையர்

இசைத்தட்டு விலைபோக வேண்டுமாயின் நாவை அமெரிக்கரிடம் அடகு வைத்தல் வேண்டும் என்பது பிரித்தானிய மெல்லிசை வணிகத்தின் எழுதாச் சட்டம். எவ்வூரில் பிறந்தவராயினும் பாடும்போது பெரும்பாலோர் அமெரிக்கராயினர்!

1987இல் இருவர் அச்சட்டத்தை மீறினர். இசுக்காட்டுலாந்தின் இலீத்து நகரில் 1962இல் பிறந்த இரட்டையரான கிரெய்கு ரீடும் சார்லி ரீடும் 'புரோக்கிளைமர்சு' என்னும் பெயரில் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். 'இதுதான் கதை' என்பது அதன் தலைப்பு. ஆரவார இசையில்லை, இரு குரலும் ஒரு கித்தாருமே மேலோங்கின. வீட்டிலும் தெருவிலும் பேசிய அதே ஒலிப்பில் பாடினர்.

தென்னிங்கிலாந்தார் உயிரொலிக்குப் பின்வரும் ரகரத்தை விழுங்குவர். இசுக்காட்டியர் அதனை அழுத்தி ஒலிப்பர். அந்த ரகரத்தை எறிந்துவிடுக என்னும் ஏவலை எள்ளுதற்கென்றே அத்தட்டில் ஒரு பாட்டு உண்டு.

மற்றொன்று 'அமெரிக்காவிலிருந்து ஒரு மடல்'. மேட்டுநில உழவரை நிலக்கிழார்கள் விரட்டிக் கப்பலேற்றிய பழங்கொடுமையையும், 1981இல் இலின்வுடிலும் 1986இல் பாத்துகேட்டிலும் ஊர்தித் தொழிற்சாலைகள் மூடப்பட்ட துயரையும் அது ஒருசேரப் பாடிற்று. குழுவிசையுடன் மீண்டும் பதிவான அப்பாட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் பெற்றது. விலைபோகாது என்றோர் வாயடைத்தனர்!

"அவர்கள் பாடியதும் ஆங்கிலந்தானே?" எனலாம். ஆம், சொல் பொதுவாயினும் ஒலி தமதென நின்றனர். அம்மக்களின் துயரை அம்மக்களின் வாயே பாடிற்று. ஒலிப்புக்கு நாணுவோன் நாளை சொல்லுக்கும் நாணுவான். பின்னர்ப் பெற்றோருக்கும் நாணுவான்.