வரத்துக்கால்வாய்க்கு யார் விலை பேசுவது?

பரந்தூரில் விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து, பேச்செல்லாம் ஏக்கருக்கு எவ்வளவு என்பதைச் சுற்றியே நடக்கிறது. 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கும் மேலான நிலம். அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கிறது. இழப்பீட்டை உயர்த்தினால் போதும் என்று நினைப்பவர்கள், அந்தப் பக்கம் ஓடும் கம்பன் கால்வாயைக் கவனிக்க வேண்டும். பாலாற்றில் பிரிந்து, வழிநெடுக ஏரிகளை நிரப்பி, அது ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்கிறது. அங்கே மிஞ்சுவது செம்பரம்பாக்கத்துக்கு. அங்கிருந்து சென்னையின் குடிநீர்க் குழாய்களுக்கு. பட்டா நிலத்துக்கு விலை உண்டு. வரத்துக்கால்வாய், கலங்கல், ஆயக்கட்டு என்று ஏரிக்கு ஏரி நீளும் இந்தத் தொடர்ச்சியை எந்த விலைக்கு வாங்க முடியும்?

சட்டங்கள் இந்தத் தொடர்ச்சியைத் துண்டு துண்டாகவே பார்க்கின்றன. தமிழகத்தின் 1997-ம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தில் நிலம் எடுத்தால், 2013 மத்தியச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு தேவைப்படுவதில்லை. 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் ஏரி, ஓடைகளையும் சேர்த்து ஒப்படைக்க வழிசெய்கிறது. நீர்க் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனையும் நிபுணர் குழுவும் அதில் இருப்பது உண்மை. ஆனால் வரத்து அறுந்த ஏரிக்குக் கொள்ளளவு இருந்து என்ன பயன்? நிலத்தடி நீருக்கும் காவல் இல்லை: அதற்காக 2003-ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-ல் நீக்கப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளால் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிகிறது. அதை மறுப்பது நேர்மையல்ல. அந்த ஆலைகளுக்கும் தண்ணீர் வேண்டும். ஆகவே, நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே, திட்ட எல்லையோடு நிறுத்தாமல் ஏரித் தொடர் முழுவதற்குமான நீர்க் கணக்கைத் தமிழில் கிராம சபைமுன் அரசு வைக்கட்டும். நிபுணர் குழுவில், 2000-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களின் விவசாயிகளும் உட்காரட்டும். நிலம் பெறும் நிறுவனம் கால்வாய்த் தூர்வாரலையும் மதகுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே ஏற்கட்டும். 2015 வெள்ளத்தில் மூழ்கிய சென்னைவாசிகளுக்கு, மேலே ஏரிகளில் நடப்பது தங்கள் வீட்டு விவகாரம் என்று தெரியும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆயக்கட்டு விவசாயியை அவர்கள் தனியே விட்டுவிடக் கூடாது.